சுற்றுச்சூழல் சட்டத் திருத்தத்துக்கு ஆட்சேபணை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த ஏரியை இனிக் காக்க மாட்டோம்" என்று எந்த மசோதாவிலும் எழுதியிருக்காது. வரையறையில் ஒரு சொல் கூடும். அட்டவணையில் ஒரு தொழில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும். பிரிவின் கடைசியில் "எனினும்" என்று தொடங்கி ஒரு விலக்கு வந்து உட்காரும். தண்ணீருக்கான பாதுகாப்பு பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில்தான் கழன்று போகிறது. அந்த இடத்தைச் சரியாகத் தொட்டு, அதை மாற்ற அதிகாரம் உள்ளவருக்கு, நாள் கடப்பதற்குள் எழுதினால்தான் ஆட்சேபணைக்கு வலு உண்டு. மனம் கொதித்து எழுதிய எத்தனையோ கடிதங்கள் இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டதால் வீணாகின்றன.

செய்தியைப் படித்துவிட்டு எழுதுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். செய்தித்தாள் சுருக்கத்தில் வரையறைப் பகுதி வராது. சேதமோ அங்கேதான் இருக்கும்.

ஈரநில விதிகளைப் பாருங்கள். 2010-இல் வந்த விதிகளில் ஏரி, குளம், நீர்த்தேக்கம், மனிதர் உருவாக்கிய ஈரநிலம் எல்லாமே ஈரநிலம் என்ற வரையறைக்குள் இருந்தன. அதற்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகள், குடிநீருக்கென அமைத்த நீர்நிலைகளையும், பாசனம், மீன் வளர்ப்பு, உப்பளம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கெனக் கட்டிய அமைப்புகளையும் வரையறையிலிருந்து எடுத்துவிட்டன. "பாசனத்துக்கென" என்ற அந்த ஒரு சொல்லைத் தமிழ்நாட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நம் ஏரிகளும் கண்மாய்களும் எதற்காக வெட்டப்பட்டவை? மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சத்தான். பறவை வருவதும், நிலத்தடி நீர் ஊறுவதும், வெள்ளத்தைத் தாங்குவதும் அதே ஏரியில்தான் நடக்கின்றன. ஆனால் வரையறை கேட்பது, எதற்காகக் கட்டினார்கள் என்பதை மட்டும்.

எனவே மூல உரையை எடுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் இப்போதுள்ள வாசகத்தையும் வலப்பக்கம் வரைவின் வாசகத்தையும் எழுதுங்கள். வரையறை, அட்டவணை, விலக்கு, தண்டனை, முடிவெடுப்பவர் யார் என்ற ஐந்து இடங்களை மட்டும் முதலில் ஒப்பிட்டால் போதும். "கலந்தாலோசித்து", "ஒப்புதலுடன்" என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 2024 திருத்தம், சில வகைத் தொழிற்சாலைகளுக்கு 25-ஆம் பிரிவின் இசைவாணையிலிருந்து (ஆலை தொடங்கவும் கழிவுநீர் விடவும் மாநில வாரியம் தரும் அனுமதி) விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மத்திய மாசு கட்டுப்பாடு வாரியத்துடன் கலந்தாலோசித்தால் போதும். வாரியம் வேண்டாம் என்று சொன்னாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது.

அட்டவணை மாற்றமும் அப்படியே கண்ணில் படாமல் போகும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு 2020 ஜனவரி 16-ஆம் தேதி வந்த திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'ஏ' பிரிவிலிருந்து 'பி2' பிரிவுக்கு மாற்றியது. வெறும் எழுத்து மாற்றம் போலத் தெரியும். 'பி2' என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை, மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை. காவிரிப் படுகைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது திருத்தத்தின் வரிகளில் எங்கும் இல்லை.

தவறான ஆளுக்கு எழுதுவது

சட்டம், விதி, அறிவிக்கை, அலுவலகக் குறிப்பாணை, அரசாணை ஆகிய ஐந்தும் வேறு வேறு. மசோதா என்றால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ முடிவெடுக்கும். அது கூட்டுக் குழுவுக்கோ நிலைக்குழுவுக்கோ போயிருந்தால் அந்தக் குழுவின் செயலகத்துக்கு மனு அனுப்ப வேண்டும். விதியும் அறிவிக்கையும் அமைச்சகத்தின் கையில் உள்ளவை. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டு இருந்தால், கருத்துகளைத் தொகுக்கும் அலுவலகத்துக்கு உங்கள் கடிதம் போகவே போகாது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது அரசமைப்பின் 252-ஆவது உறுப்பின் கீழ், சில மாநிலங்களின் தீர்மானத்தை வைத்து. அதன் திருத்தத்துக்கும் அதே வழிதான். 2024 திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலம் எதுவானாலும் அதன் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். ஆகவே இந்தத் திருத்தத்தை எதிர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரை. மாநிலங்களவைக்கும் மக்களவைக்கும் ஆயிரம் கடிதம் போகும்போது, தீர்மானம் வரப்போகும் சட்டமன்றத்துக்கு ஒன்றுகூடப் போகாமல் இருப்பது வேதனையான விஷயம்.

மாநிலச் சட்டங்களில் அவகாசம் இன்னும் குறைவு. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் விவாதம் இல்லாமலே நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பரப்புக்குள் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அந்த அரசு நிலத்தை மாற்றிக்கொள்ள அது வழி செய்கிறது. நிறைவேறிய பிறகு பேரவைக்கு அனுப்பும் மனுவால் பயனில்லை. அடுத்த கட்டம் விதிகள். அங்கேதான், நீர்நிலையின் "கொள்ளளவு குறையக் கூடாது" என்று சட்டம் வைக்கும் நிபந்தனையை எப்படி அளப்பார்கள், யார் அளப்பார்கள், எந்தப் பருவத்தில் அளப்பார்கள் என்று கேட்க முடியும். கோடையில் ஓடையை அளந்து ஐப்பசி வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஓடைக்கரையில் இருப்பவர்தான் எழுத வேண்டும்.

நாள் கணக்கில் ஏமாறுவது

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986-இன் 5(3) விதிப்படி வரும் வரைவு அறிவிக்கைக்கு ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள் உண்டு. அந்த 60 நாளை அறிவிக்கையின் தலைப்பில் உள்ள தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அரசிதழ் பிரதி பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, மார்ச் மாதமே அமைச்சகத்தின் இணையதளத்தில் இருந்தது. அரசிதழில் வந்தது ஏப்ரல் 11. கடைசி நாள் முதலில் ஜூன் 30-க்கும், பிறகு தில்லி உயர் நீதிமன்ற உத்தரவால் ஆகஸ்ட் 11-க்கும் தள்ளிப் போனது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் வரைவை மொழிபெயர்த்து வெளியிடவும் அந்த நீதிமன்றம் சொன்னது. தமிழ்ப் பிரதி வேண்டும், கூடுதல் அவகாசம் வேண்டும் என்ற கோரிக்கையை முதல் வாரத்திலேயே எழுத்தில் வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அது சாக்குப்போக்காகப் பார்க்கப்படும்.

பொதுநலன் கருதி என்று சொல்லி முன்னறிவிப்பையே தவிர்க்கவும் 5(4) விதி இடம் தருகிறது. அப்படி வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடாதீர்கள். 2020 மார்ச் 28 அறிவிக்கை, சாலை போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதை முன் அனுமதியிலிருந்து விலக்கியது. முன்னறிவிப்பைத் தவிர்த்ததற்குத் தக்க காரணம் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்து, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று அந்த விலக்கை ரத்து செய்தது.

மின்னஞ்சலைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஐந்து நாள் முன்பே அனுப்புங்கள். தலைப்பு வரியில் அறிவிக்கை எண்ணும் தேதியும் இருக்கட்டும். அதே கடிதத்தைக் கையொப்பமிட்டு ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள். அனுப்பியதற்குச் சான்று இல்லாத ஆட்சேபணை, பின்னால் நீதிமன்றத்தில் இல்லாததற்குச் சமம்.

ஒரே வாசகத்தை ஊரெல்லாம் அனுப்புவது

எண்ணிக்கை அரசியல் அழுத்தம் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் கோப்பில் கருத்துகளைத் தொகுக்கும்போது ஒரே வாசகம் ஒரே கருத்தாகச் சுருங்கிவிடும். உங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்த ஒரு பத்தி, நகல் எடுத்த நூறு கடிதங்களை விடக் கனமானது. பத்தியை இப்படி அமைக்கலாம்:

"வரைவின் பத்தி எண் இது. மக்கள் கருத்துத் தெரிவிக்கும் அவகாசம் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைகிறது. எங்கள் ஊராட்சியில் அறிக்கையின் பிரதி ஒன்றுதான் வைக்கப்படும், முழு அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துப் புரிந்து, முன்னறிவிப்பு கொடுத்து கிராம சபை கூட்டி, தீர்மானம் போட்டு அனுப்ப 20 நாள் போதாது. 30 நாள் என்ற பழைய வாசகமே தொடர வேண்டும். தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து அது எண்ணப்பட வேண்டும்."

எந்தப் பத்தி, என்ன மாறுகிறது, இங்கே என்ன ஆகும், பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "வரைவைத் திரும்பப் பெறு" என்று மட்டும் எழுதினால், திரும்பப் பெறாத பட்சத்தில் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது. திரும்பப் பெறவும் கேளுங்கள், மாற்று வாசகத்தையும் கொடுங்கள். கடிதம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். மற்றவை இணைப்பில் போகட்டும்.

கிராம சபைத் தீர்மானமும் இப்படித்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு கூட்டங்கள் வருகின்றன. கைதட்டலோடு முடிந்த தீர்மானம் தீர்மானம் ஆகாது. பதிவேட்டில் எண் ஏற வேண்டும், வரைவின் எண்ணும் பிரிவும் வாசகத்தில் வர வேண்டும், சான்றிட்ட நகல் கையில் கிடைக்க வேண்டும்.

அரைகுறை நீர்ச் சோதனை

ஆட்சேபணையோடு நீர்ப் பரிசோதனை அறிக்கை வைப்பது நல்லது. தவறாக எடுத்த மாதிரியோ உங்களுக்கே எதிராகத் திரும்பும். குளிர்பான பாட்டிலில் பிடித்த தண்ணீரில் சர்க்கரை எச்சம் இருந்தால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) தானாக ஏறிவிடும். அதைக் காட்டியே எதிர்த் தரப்பு முழு அறிக்கையையும் தள்ளிவிடும்.

வேதிச் சோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, குறைந்தது 1 லிட்டர் எடுக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். அதை அலசவே கூடாது, கொஞ்சம் காற்றிடம் விட்டு மூட வேண்டும். ஆக்சிஜன் தேவைக்கு எடுக்கும் பாட்டிலில் மட்டும் குமிழியே இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேருங்கள். அமிலத்தன்மை, வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றும் கரையிலேயே அளக்க வேண்டியவை.

ஒரே இடத்தில் எடுப்பது அடுத்த தவறு. கழிவு கலக்குமிடத்துக்கு மேலே ஒன்று, கலக்குமிடத்தில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று வேண்டும். மேலே எடுத்த மாதிரி இல்லாவிட்டால் "தண்ணீர் வரும்போதே அப்படித்தான் வந்தது" என்று சொல்லிவிடுவார்கள்.

அளவுகோலைக் குழப்பாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை. ஆற்றில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30, வேதி ஆக்சிஜன் தேவை 250. ஆலைக் குழாயில் எடுத்ததைக் குடிநீர் அளவோடு ஒப்பிட்டால் வாதம் அங்கேயே விழும். சட்டப்படி வழக்குக்கு ஏற்ற மாதிரியை வாரிய அதிகாரிதான் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் முறைப்படி எடுக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் அறிக்கை களநிலைமையைக் காட்டும் சான்று. அதை அப்படியே சொல்லி இணையுங்கள்.

இதோடு சேர்க்க வேண்டிய இன்னொரு தாள், அந்த ஆலைக்கு இப்போதுள்ள இசைவாணையின் நகல். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம், எந்த அளவுக்குச் சுத்திகரித்து விட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். இசைவாணையிலிருந்து விலக்கு என்றால் அந்த நிபந்தனைகள் இருக்கும் தாளே இல்லாமல் போகிறது என்று அந்த வரிகளை எடுத்துக்காட்டி எழுதுங்கள். நீர்நிலை சம்பந்தப்பட்டால் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டு (நிலப் பதிவேடு) நகலும் புலப்பட நகலும் வையுங்கள். சர்வே எண் இல்லாத ஓடையை இல்லாத ஓடையாக்கிவிடுவது எளிது.

மிகைப்படுத்துவது

"2024 திருத்தம் சிறைத் தண்டனையையே எடுத்துவிட்டது" என்று பரவலாக எழுதுகிறார்கள். அது சரியில்லை. இசைவாணை இல்லாமல் ஆலை நடத்தினால் சிறை இன்னும் உண்டு. வரம்பை மீறி நீரில் மாசு கலப்பதற்கு இருந்த ஒன்றரை முதல் 6 ஆண்டுச் சிறைதான் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியது. அபராதத்தைக் கட்டாவிட்டால் மறுபடி சிறைக்கு இடமுண்டு. உள்ளதைச் சொன்னாலே போதுமான கனம் இருக்கிறது: ஒரு பெரிய ஆலைக்கு 15 லட்சம், சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் செலவோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று கேளுங்கள்.

தீர்ப்புகளையும் கடைசி நிலை பார்த்து மேற்கோள் காட்டுங்கள். திட்டத்தைத் தொடங்கிய பிறகு தரும் பின்தேதி அனுமதியைத் தடுத்து உச்ச நீதிமன்றம் 2025 மே 16-இல் தந்த தீர்ப்பு, அதே ஆண்டு நவம்பர் 18-இல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெறப்பட்டது. மே மாதத் தீர்ப்பை நம்பி எழுதிய கடிதத்தை அதிகாரி ஒரே வரியில் மூடிவிடுவார்.

தவறான நீதிமன்றம்

சட்டமோ விதியோ செல்லாது என்று அறிவிக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 18 தீர்ப்பில் இதைத் தெளிவாக்கியது. குறிப்பிட்ட ஆலைக்கோ திட்டத்துக்கோ தந்த அனுமதியை எதிர்க்கத் தீர்ப்பாயம் போகலாம். திருத்தத்தையே எதிர்க்க, அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றம்தான்.

இறுதி அறிவிக்கை வந்ததும் விட்டுவிடுவது

மடித்து எழுதிய அதே தாளில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து இறுதி வாசகத்தை எழுதுங்கள். எது மாறியது, எது அப்படியே நின்றது என்று தெரியும். வந்த ஆட்சேபணைகளின் தொகுப்பையும் கோப்புக் குறிப்புகளையும் தகவல் உரிமையில் கேளுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அதன் கீழ் போடும் ஒவ்வொரு விதியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள் அவைமுன் இருக்க வேண்டும்; அதற்குத் திருத்தம் கொண்டுவர உறுப்பினருக்கு உரிமை உண்டு. உங்கள் மூன்று பத்தித் தாளைத் தொகுதி உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டிய நாள்கள் அவை.