கன்று நட்ட அன்றைக்கே வலை கட்டிவிடுங்கள்

காங்கேயத்துப் பக்கம் எங்கள் காடு. சுற்றிலும் கொறங்காடு (ஆடு மாடு மேய விடுகிற புல்காடு), கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம். ஐப்பசி மழையில் மலைவேம்பும் மகோகனியுமாக 120 கன்று நட்டோம். தை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாசியில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தது. சொட்டுநீர் போகிற கன்றுகள் மட்டும்தான் பச்சை. பங்குனி முடிவதற்குள் 40 கன்று போய்விட்டது.

ஆடு புகுந்துவிட்டது என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்கக் கிளம்பினேன். அப்புச்சிதான் (அம்மாவின் அப்பா) நிறுத்தினார். ஒரு கன்றின் தண்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கத்தியில் சீவியதுபோலச் சாய்வாக, வழுவழுவென்று இருந்தது. "ஆட்டுக்கு மேல்வாயில முன்பல்லு இல்ல அம்மணி, பிச்சுத்தான் திங்கும். இது மொசலு." முயல்தான். கீழே உருண்டை உருண்டையாகப் புழுக்கை, நசுக்கினால் வெறும் புல் நார். அதனால் முதலில் வெட்டுவாயைப் பாருங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது கோழி வலைதான். வலைக்கண் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 3 அடி அகலச் சுருளில் மூன்றரை அடி நீளம் வெட்டினால், கன்றைச் சுற்றி ஓர் அடி விட்டத்தில் வளையம் வரும். ஓரத்தை மடித்துக் கட்டவும் மிச்சம் இருக்கும். 50 அடிச் சுருளில் 14 கன்று முடியும். அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடக்கி, மண் தள்ளி, மேலே கல் வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முயல் மேலே தாவுவதைவிட அடியில் மூக்கை நுழைத்துத்தான் இடம் தேடும். மீதி இரண்டரை அடி உயரம் போதும். பின்னங்காலில் நின்றாலும் ஏறக்குறைய 2 அடிதான் அதற்கு எட்டும். இரண்டு குச்சி ஊன்றி வலையை இழுத்துக் கட்டுங்கள். கொழுந்து வலையில் உரசினால் வெளியே நின்றே கடித்துவிடும்.

வலைக்குக் காசு இல்லையென்றால் பனங்கருக்கு மட்டையை நெருக்கமாக ஊன்றலாம், கிளுவை முள்ளையும் சுற்றலாம். சிமெண்டுப் பை சுற்றிப் பார்த்தோம். வெயிலில் உள்ளே புழுங்கிக் கன்று துவண்டது. சாணிக் கரைசல், வேப்பெண்ணெய் எல்லாம் தெளிக்கலாம், ஆனால் ஒரு மழையில் போய்விடும். அதை மட்டும் நம்ப வேண்டாம். கன்றைச் சுற்றி 3 அடிக்குப் புதரை எடுத்துவிடுங்கள். பகலில் முயல் அதில்தான் பதுங்கும்.

கண்ணி வைக்கிறேன், கரண்டுக் கம்பி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதே குற்றம். கரண்டுக் கம்பியில் இரவில் தண்ணீர் கட்டப் போகிற ஆளும் சாவார்.

கடிபட்ட கன்றை உடனே பிடுங்கிவிடாதீர்கள். கணுவுக்குச் சற்று மேலே கூர்மையான கத்தியால் வெட்டிவிடுங்கள், மலைவேம்பு தழைத்துவரும். வருகிற துளிரில் வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் கொறித்திருந்தால் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினோம், ஆறிவிட்டது. சுற்றிலும் கொறித்திருந்தால் அதற்கு மேலே பிழைக்காது. காயத்துக்குக் கீழே வெட்டித் துளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

தண்டு மணிக்கட்டுப் பருமனாகி, பட்டை சொரசொரப்பானதும் வலையைக் கழற்றிவிடலாம். எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. கழற்றிய வலையெல்லாம் இப்போது அடுத்த வயலில் நட்ட வேப்பங்கன்றுகளைச் சுற்றி நிற்கிறது.