மாந்தோப்பு அறைக்கு ஜெனரேட்டரில் ஏசி

நத்தம் பக்கம் இருக்கிற எங்கள் மாந்தோப்புக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மே மாதம் காய் பறிப்பு நடக்கும், நான் அங்கேதான் இருந்தாக வேண்டும். அப்பாவுக்கு 78 வயது. இதய ஆபரேஷன் ஆனவர், அக்னி நட்சத்திர வெயில் அவருக்கு ஆகாது. ஆனால் பறிப்பு முடியாமல் தோப்பை விட்டு வர மாட்டார். அதனால் அவர் படுக்கிற பத்துக்குப் பத்து அறைக்கு மட்டும் ஏசி மாட்டி, பெட்ரோல் ஜெனரேட்டரில் ஓட்டுகிறேன்.

முதல் கோடையில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். பழைய ஒன்றரை டன் ஜன்னல் ஏசியை மாட்டி, 2.5 கேவிஏ ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தேன். ஏசி ஓடுவதற்கு 1,700 வாட்தானே, தாங்கும் என்றார் கொடுத்தவர். கம்ப்ரஸர் கிளம்பியதும் இன்ஜின் திணறியது, லைட் மங்கியது, எல்லாம் நின்றுவிட்டது. அந்த வகை கம்ப்ரஸர், கிளம்புகிற ஒரு நொடியில் மட்டும் வழக்கத்தைப் போல நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குமா என்று கேட்டுத்தான் ஜெனரேட்டர் வாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகம் பிடிப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இப்போது இருப்பது 1 டன் இன்வெர்ட்டர் ஏசி. ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: அறை சூடாக இருக்கும்போது 5 ஆம்பியர், குளிர்ந்த பிறகு 2 ஆம்பியர். ஜெனரேட்டர் 3 கேவிஏ, அதில் 0.8 பங்குதான் (பவர் ஃபேக்டர் என்பார்கள்) வாட்டாகக் கிடைக்கும், அதாவது 2,400 வாட். 5 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,150 வாட், லோடு பாதிதான், இன்ஜின் அலட்டாமல் ஓடுகிறது. வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கிற ஏ.வி.ஆர். உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வோல்டேஜ் ஆடினால் முதலில் போவது ஏசியின் போர்டு.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வராந்தா, திறந்த ஷெட், ஜன்னலோரம் எதுவும் கூடாது. குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வீட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் 50 அடி தள்ளி, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். சத்தமும் குறைகிறது.

தூரம் கூடினால் ஒயர் தடிமனாக வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருக்கிறேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகி உருகிவிடும். எர்த் கம்பியையும் எலக்ட்ரீஷியனை வைத்தே அடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இ.பி. லைன் இருந்தால் இ.பி., ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது. கரண்ட் திரும்பி லைனுக்குள் ஏறினால், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

ஓட்டுகிற முறை சுலபம். லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் விட்டு, மீட்டரில் 230 வோல்ட் பக்கம் நின்றதும் ஏசியைப் போடுங்கள். 26 டிகிரி போதும். நிறுத்தும்போது முதலில் ஏசி, இரண்டு நிமிடம் கழித்து இன்ஜின். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்படி விடாதீர்கள், கடைசியில் வோல்டேஜ் தடுமாறும். பெட்ரோல் ஊற்றுவதானால் இன்ஜினை நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எனக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகிறது. அதனால் மதியம் 12 முதல் 4 வரை மட்டும்தான். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, மேற்கு ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டிய பிறகு அறை சீக்கிரம் குளிர்கிறது. இரவில் தோப்புக் காற்றே போதும், சோலார் பேட்டரியில் ஒரு ஃபேன் ஓடும்.

அப்புறம், பறிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் உள்ளே பிசினாகிவிட்டால் அடுத்த மே மாதம் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது.