அடி ஓரிடம், ஒலி ஓரிடம்: வீடியோ தொகுப்பில் ஒத்திசைவைச் சரிசெய்யும் முறை

அக்காள் மகனின் மிருதங்க அரங்கேற்றத்தைக் கைபேசியில் 48 நிமிடங்கள் பதிவுசெய்து, தொகுப்பு மென்பொருளில் இட்டுப் பார்த்தபோது தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. தனி ஆவர்த்தனத்தின் முடிவில்தான் குறை கண்ணில் பட்டது: தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) கை விழுந்து ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்துத்தான் ‘தோம்’ என்று கேட்டது. ஒருவர் பேசும் காட்சியாக இருந்தால் சிறு விலகல் பலருக்குத் தெரியாமலே போய்விடும். மிருதங்கத்தில் அடியும் ஒலியும் விலகினால் வாசிப்பவனே தாளம் தப்பியவனாகத் தெரிவான். மூன்று இரவுகள் போராடிச் சரிசெய்த வழியை இங்கே எழுதுகிறேன். கிளிப்பை டைம்லைனில் போடுவதும் வெட்டுவதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதையும் நகர்த்தாமல் மூன்று இடங்களில் பாருங்கள்

தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலும் ஓர் அடியையோ கைதட்டலையோ தேடி, படத்துக்கும் ஒலிக்கும் எத்தனை ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 33 மில்லிவிநாடி. மூன்று இடங்களிலும் ஒரே வித்தியாசம் இருந்தால், ஒலியை அத்தனை ஃபிரேம் நகர்த்தினால் வேலை முடிந்தது. ஒரு குறிப்பிட்ட வெட்டு வரை சரியாக இருந்து அதன்பின் திடீரென்று விலகினால், அது நீங்கள் வெட்டியதால் வந்த வினை. நேராகப் படி 5-க்குப் போகலாம். தொடக்கத்தில் ஒன்றுமில்லாமல் போகப்போக வளர்ந்தால் ஒலியை நகர்த்திப் பயனில்லை. முடிவைச் சரிசெய்தால் தொடக்கம் கெடும், தொடக்கத்தைத் திருத்தினால் நடுப்பகுதி கெடும். முதல் இரண்டு இரவுகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

படி 2: கோப்பின் ஃபிரேம் கணக்கைப் பாருங்கள்

இதற்கு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ‘ஃபிரேம் ரேட் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டிருப்பது) என்று இருந்தால் வளரும் விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கைபேசிகள் பல, விநாடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் சீராக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைக்கின்றன, கருவி சூடேறினாலும் அப்படித்தான். மேடையில் மட்டும் விளக்கு எரிந்த அந்த அரங்கில் என் கோப்பின் சராசரி 29.98 என்று காட்டியது.

0.02 தானே என்று தோன்றும். 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, அதை 29.98-ஆல் பெருக்கினால் சுமார் 86,342 ஃபிரேம். கோப்பில் உள்ள நேரக்குறிப்புகளைக் கவனிக்காமல், எல்லாம் சீரான 30 என்று எண்ணி ஓட்டும் மென்பொருளில் அவை 2,878 விநாடியிலேயே தீர்ந்துவிடும். ஒலியோ முழு 2,880 விநாடி ஓடும். காணாமல்போன இரண்டு விநாடி எங்கே போயிற்று என்பது கணக்குப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

படி 3: சீரான ஃபிரேமுக்கு மாற்றுங்கள்

இதற்கு நான் விரும்புவது, வீடியோ கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். கேடன்லைவ், ஷாட்கட் போன்ற தொகுப்பு மென்பொருள்கள் இத்தகைய கிளிப்பைச் சேர்க்கும்போதே, தொகுப்புக்கு ஏற்றதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று சொன்னால் அங்கேயும் வேலை நடக்கும். ஆனால் என்ன மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தேர்வது எனக்குப் பழக்கம்.

ஹேண்ட்பிரேக்கில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதிக்குப் போய், ஃபிரேம்ரேட்டை 30 என்று தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். நான் இடறியது இங்கேதான். அந்த எண்ணுக்கு அருகிலேயே ‘கான்ஸ்டன்ட்’ (சீரானது), ‘பீக்’ என்று இரண்டு தேர்வுகள் உள்ளன. நான் எடுத்த ஆயத்த அமைப்பில் ‘பீக்’ ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. 30 என்று தெளிவாகப் போட்டிருக்கிறோமே என்று அதைக் கவனிக்காமல் விட்டேன். பீக் என்றால் 30 என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குக் கீழே ஃபிரேம் ஏறியிறங்குவது அப்படியே இருக்கும். மடிக்கணினி ஒரு மணி நேரத்துக்குமேல் விசிறியைச் சுழற்றி மாற்றித் தந்த கோப்பைத் திறந்தால், அதே தொப்பி, அதே இரண்டு விநாடி. ‘கான்ஸ்டன்ட்’ என்று மாற்றி மறுபடி ஓடவிட்ட பிறகே அடியும் ஒலியும் சேர்ந்தன. அன்றிலிருந்து மாற்றிய கோப்பையும் ஒருமுறை மீடியாஇன்ஃபோவில் திறந்து, ‘கான்ஸ்டன்ட்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் டைம்லைனில் போடுவதில்லை.

தர அளவுகோலை 18 அளவில் வைக்கிறேன். அதில் எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 30-இல் எடுத்ததை 25-க்கு மாற்ற வேண்டாம். ஆறு ஃபிரேமுக்கு ஒன்று உதிர்ந்துபோக, வேகமாக ஓடும் விரல்கள் விட்டுவிட்டுத் தெரியும்.

படி 4: ஒலியைத் தனிக்கருவியில் பதிந்திருந்தால்

கைபேசியின் ஒலியை அழித்துவிடாதீர்கள். பொருத்துவதற்கு அதுதான் சாட்சி. கேடன்லைவில் கைபேசி கிளிப்பின் ஒலியை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக அமைத்து, தனிப்பதிவை அதனோடு ஒப்பிட்டுப் பொருத்தச் சொன்னால், அலைவடிவங்களைப் பார்த்துத் தானே பொருத்திவிடும். அதன்பின் ஒரு ஃபிரேம் பிசகு தெரிந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்கிறது. மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்ற கைபேசிக்கு அது 35 மில்லிவிநாடி தாமதமாகவே வந்திருக்கும். மேடையில் வைத்த தனிக்கருவியின் ஒலியை ஒரு ஃபிரேம் முன்னதாகக் கேட்கும்படி நகர்த்தினால் சரியாகும்.

இரு கருவிகளின் உள்கடிகாரங்களும் முழுதாக ஒத்திருக்காது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே 48 நிமிடத்தில் நான்கு ஃபிரேம் விலகிவிடும். ஒலியின் வேகத்தை மாற்றிச் சரிசெய்வோர் உண்டு. கச்சேரிக்கு நான் அதைச் செய்வதில்லை. ஒரு கீர்த்தனை முடிந்து கைதட்டல் எழும் இடத்தில் ஒலியை வெட்டி, அடுத்த பகுதியைப் புதிதாகப் பொருத்துகிறேன். கைதட்டலுக்குள் வெட்டு ஒளிந்துகொள்ளும்.

படி 5: வெட்டும்போது வரும் விலகல்

‘ரிப்பிள்’ என்ற வசதி, வெட்டிய இடைவெளியை மூடப் பின்னால் உள்ள கிளிப்புகளை முன்னுக்கு இழுக்கும். அது ஒரு தடத்தில் மட்டும் இயங்கினால், படம் முன்னேற, கீழே உள்ள தனி ஒலி இருந்த இடத்திலேயே நிற்கும். ஷாட்கட்டில் எல்லாத் தடங்களையும் சேர்த்து இழுக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. பொருத்தி முடித்ததும் அதை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தையும் ஒலியையும் ஒரே குழுவாகக் கட்டிவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்பே மறுகுறியாக்கம் (படத்தை மீண்டும் புதிதாகச் சுருக்கிச் சேமிப்பது) இல்லாமல் வேகமாக வெட்டித் தரும் கருவியில் மூலக்கோப்பைக் குறைப்பதும் வம்பு. வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படம் அல்ல. இடையிடையே வரும் கீஃபிரேம்களே முழுப்படம், மற்றவை அவற்றிலிருந்து மாறியதை மட்டும் சேமிக்கின்றன. இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே வெட்டினால், வெட்டு முந்தைய கீஃபிரேமுக்கு நழுவும். அல்லது ஒலி ஓடத் தொடங்கிய பிறகும் படம் சற்று நேரம் உறைந்து நிற்கும். ஆகவே முதலில் மாற்றுங்கள், வெட்டுவது டைம்லைனில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை

இந்த முறையை அப்படியே பின்பற்றிய நண்பர் ஒருவர், எல்லா இடத்திலும் ஒலி ஐந்தாறு ஃபிரேம் பிந்துகிறது, நகர்த்திச் சேமித்தால் அவர் மனைவியின் கைபேசியில் ஒலி முந்துகிறது என்றார். கோப்பை வாங்கிப் பார்த்தேன். அவர் நகர்த்துவதற்கு முன் இருந்த வடிவம்தான் சரியானது. அவர் புளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டே தொகுத்திருக்கிறார்; பிந்தியது அந்த இயர்போன். பொருத்தும் வேலைக்குக் கம்பியுள்ள இயர்போனையே போட்டுக்கொள்ளுங்கள்.