ரஷ்ய மொழி மேசைக்கு ஓர் அட்டை போதும்

ரஷ்ய மொழித் துறைக்காக மேசை போட்டு நிற்கும் மாணவத் தூதுவர்களே, துண்டறிக்கையை நீட்டாதீர்கள். 'உணவகம்' என்பதற்கான ரஷ்யச் சொல்லை (РЕСТОРАН) ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, வருபவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் 'பெக்டோபா' என்பார். ஆங்கில 'பி' மாதிரி இருப்பது 'ர', 'சி' மாதிரி இருப்பது 'ஸ', 'எச்' மாதிரி இருப்பது 'ன' என்று விரல் வைத்துக் காட்டுங்கள்; அதுவே 'ரெஸ்தரான்' ஆகிவிடும். 33 எழுத்துகளைப் பார்த்து வரும் மிரட்சி அங்கேயே பாதி போய்விடும்.

அதற்காக மொழியே சுலபம் என்று அளந்துவிடாதீர்கள், வேற்றுமை ஆறு இருக்கிறது (எட்டு வைத்திருக்கும் நமக்கு அது பெரிதல்ல, சரி). உக்ரைனியமோ பல்கேரியமோ தெரிந்தவரிடம் இந்த வித்தை எடுபடாது. அவருக்கு எழுத்து ஏற்கெனவே பழக்கம். எந்த நிலை வகுப்பில் சேரலாம் என்று சொல்லுங்கள்.