இடம் கிடைத்த பின் உதவித்தொகை: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்த அன்று, விண்ணப்ப வேலை முடிந்துவிட்டதாகவே பெரும்பாலான மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உதவித்தொகையைப் பொறுத்தவரை வேலை அன்றுதான் தொடங்குகிறது. சில சமயம் தொடங்கியிருக்க வேண்டிய நாள் அதற்கு முன்பே கடந்தும் போயிருக்கும். இந்த மாணவரால் இந்தப் படிப்பைப் படித்து முடிக்க முடியுமா என்று சேர்க்கைக் குழு பார்க்கிறது. உதவித்தொகைக் குழுவின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களோ, பெரும்பாலும் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவர்களுடையவை. ஆகவே அங்கே எழும் கேள்வி வேறு: குறிப்பிட்ட இந்த நிதி எந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டதோ, அதற்கு இவர்களுள் மிகப் பொருத்தமானவர் யார்? இடம் கிடைத்த மாணவர்கள் செய்யும் தவறுகளில் பல, முதல் கேள்விக்கு எழுதிய விடையையே இரண்டாவது கேள்விக்கும் எடுத்து நீட்டுவதால் வருபவை.

எது முன், எது பின்

முதல் தவறு வரிசையைப் பற்றியது. இடம் கிடைக்கட்டும், அதன்பின் உதவித்தொகையைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் சில திட்டங்களுக்குச் சரி, சிலவற்றுக்கு முழுத் தவறு. கேம்பிரிட்ஜில் வழங்கப்படும் கேட்ஸ் உதவித்தொகைக்கு, சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே விண்ணப்பித்தாக வேண்டும். இடம் கிடைத்த பிறகு தனியாகக் கேட்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் ரோட்ஸ் உதவித்தொகையில் வரிசை தலைகீழ்: முதலில் உதவித்தொகைக்குத் தேர்வாக வேண்டும், அதன் பிறகே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் திட்டத்தில் இரண்டும் அருகருகே நடக்கின்றன. உதவித்தொகைக்குத் தற்காலிகமாகத் தேர்வானவர்கள், அத்திட்டம் குறிக்கும் கெடுவுக்குள் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் ஒன்றைக் காட்டியாக வேண்டும்.

இவை மூன்றும் பெயர் பெற்ற திட்டங்கள் என்பதால் விதிகள் எளிதில் தெரிந்துவிடுகின்றன. பல்கலைக்கழகமே தன் மாணவர்களுக்கு வழங்கும் சிறு சிறு உதவித்தொகைகளில்தான் குழப்பம் அதிகம். ஒரே பல்கலைக்கழகத்தில் சில தொகைகள் சேர்க்கை விண்ணப்பத்தை வைத்தே தாமாகப் பரிசீலிக்கப்படும். சிலவற்றுக்குத் தனிப் படிவம் வேண்டும். இன்னும் சில மத்திய அலுவலகத்தின் பட்டியலில் வராமல் துறையின் பக்கத்திலோ மாணவர் விடுதி அல்லது கல்லூரியின் பக்கத்திலோ மட்டும் இருக்கும். "என்னைத் தாமாகவே பரிசீலிப்பார்கள்" என்று கருதிக்கொண்டு காத்திருந்தவர், தனிப் படிவம் இருந்ததைக் கெடு முடிந்த பின் அறிவது அடிக்கடி நடக்கும் ஒன்று. சேர்க்கைக் கடிதம் வந்த வாரத்திலேயே நிதியுதவி அலுவலகத்துக்கு ஒன்று, துறை அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பி, எதற்கெல்லாம் தாம் ஏற்கெனவே பரிசீலனையில் இருக்கிறோம், எதற்கெல்லாம் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. இப்படிக் கேட்பதை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

கொடையாளர் வகுத்த எல்லை

தகுதி வரிகளை மேலோட்டமாகப் படிப்பது அடுத்த தவறு. இதைப் புரிந்துகொள்ள, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக உதவித்தொகைகளில் கணிசமானவை நிலை நிதிகளிலிருந்து வருகின்றன. யாரோ ஒருவர் கொடுத்த மூலதனம் முதலீட்டில் போடப்பட்டிருக்கும். அந்த மூலதனத்தைத் தொடாமல், ஆண்டுதோறும் அதன் மதிப்பில் பொதுவாக நான்கு முதல் ஐந்து சதவீதம் வரை மட்டும் எடுத்துச் செலவிடுவார்கள். அந்தக் கொடையோடு ஒரு பத்திரமும் உண்டு. இன்ன துறைக்கு, இன்ன ஆண்டு மாணவருக்கு, இன்ன ஆய்வுப் பொருளுக்கு என்று அதில் எழுதியிருந்தால், அந்த வரம்பை மீறிச் செலவிடப் பல்கலைக்கழகத்துக்கே உரிமை இல்லை. தேர்வுக் குழு எவ்வளவு இரக்கம் கொண்டதாக இருந்தாலும், எல்லைக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் எதுவும் கொடுக்க இயலாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. தகுதி இல்லாத இடத்தில் "எதற்கும் போட்டு வைப்போம்" என்று விண்ணப்பிப்பது நேர விரயம். மாறாக, எல்லை குறுகலாக இருந்து அதற்குள் நாம் சரியாக அடங்கினால், தொகை சிறிதாக இருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. பெரிய, பொதுவான உதவித்தொகைக்கு எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். மண்ணியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு மட்டும் என்றிருப்பதற்குப் போட்டியிடக்கூடியவர்களே மிகச் சிலர். தொகையின் அளவை மட்டும் பார்த்து மேலிருந்து கீழாகப் பட்டியலிடும் வழக்கம், என் பார்வையில், இந்த முயற்சியின் மிகப் பெரிய கணக்குப் பிழை.

"கட்டாயம்" என்றும் "முன்னுரிமை" என்றும் அறிவிப்பில் வரும் இரு சொற்களை ஒன்றாகப் படித்துவிடுபவர்களும் உண்டு. முன்னது கதவு, பின்னது எடைக்கல். முன்னுரிமை வரியில் தாம் அடங்கவில்லை என்பதற்காக நல்ல மாணவர்கள் தாமாகவே விலகிக்கொள்வது வருத்தத்துக்குரியது.

கட்டுரை

சேர்க்கைக்காக எழுதிய நோக்க அறிக்கையை அப்படியே வெட்டி ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. அந்த அறிக்கை கல்வித் திறனை நிறுவ எழுதப்பட்டது. அதில் படித்த பாடங்கள், செய்த திட்டப்பணி, விரும்பும் பேராசிரியர் ஆகியவை இருக்கும். உதவித்தொகைக் கட்டுரைக்குக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கும்: தலைமைப் பொறுப்பில் எதிர்கொண்ட ஒரு சிக்கல், சமூகத்துக்கு ஆற்றிய பணி, இந்தப் பணம் கிடைத்தால் எது சாத்தியமாகும் என்பது போன்றவை. கேள்வியில் இரண்டு பகுதிகள் இருந்தால் இரண்டுக்கும் விடை வேண்டும். ஒரு பகுதிக்கு எழுநூறு சொற்களைச் செலவிட்டுவிட்டு இன்னொன்றைக் கடைசி வரியில் தொட்டுச் செல்லும் கட்டுரை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் மதிப்பெண் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும் முறையைப் பல குழுக்கள் கையாள்கின்றன என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும்.

பொருளாதார நிலையை விளக்கச் சொல்லும் இடத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நிகழ்கின்றன. சிலர் கூச்சத்தால் எதையும் சொல்லாமல் "குடும்பச் சூழல் கடினமானது" என்று முடித்துவிடுவார்கள். சிலர் துயரத்தை மட்டுமே எழுதி, படிப்பைப் பற்றி எதுவுமே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். குழுவுக்குத் தேவைப்படுவது ஒரு கணக்கு: ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு, குடும்பத்தாலும் பிற வழிகளாலும் எவ்வளவு வரும், இடைவெளி எவ்வளவு, வருமானம் அண்மையில் குறைந்திருந்தால் எப்போது, ஏன் குறைந்தது. எண்களோடு எழுதிய நான்கு வரிகளுக்கு உள்ள வலிமை, அடைமொழிகள் நிறைந்த இரண்டு பத்திகளுக்குக் கிடையாது. அந்த எண்கள் நிதியுதவிப் படிவத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகவும் வேண்டும். இரண்டும் ஒரே கோப்பில்தான் இருக்கும்.

ஒரு திட்டத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது முந்தைய உதவித்தொகையின் பெயர் உள்ளே தங்கிவிடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அது இன்றும் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதுவதைப் பொறுத்தவரை, ஒவ்வொரு திட்டத்தின் விதியையும் தனித்தனியே படிக்க வேண்டும்; கட்டுரை முழுக்கத் தம் சொந்த எழுத்தே என்று கையொப்பமிடச் சொல்லும் திட்டங்கள் உள்ளன. அந்த உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் உதவித்தொகை மட்டுமல்லாமல், கிடைத்த இடமும் கேள்விக்குள்ளாகலாம்.

பரிந்துரைப்பவர்

புகழ் பெற்றவரிடம் கடிதம் வாங்குவதைவிட, நம் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் வாங்குவதே பயன் தரும் என்பதைப் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சொல்லப்படாத பகுதி வேறொன்று உண்டு: சேர்க்கைக்காக ஏற்கெனவே கடிதம் எழுதிய பேராசிரியர், அதே கடிதத்தை மீண்டும் பதிவேற்றிவிடக்கூடும். அதில் உதவித்தொகையின் நோக்கம் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆகையால் கேட்கும்போதே அறிவிப்பின் நகல், நம் கட்டுரையின் வரைவு, அவர் நேரில் கண்ட இரண்டு மூன்று நிகழ்வுகளின் நினைவூட்டல் ஆகியவற்றைச் சேர்த்து, மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். சில இணையத் தளங்களில், மாணவர் ஒரு பொத்தானை அழுத்திய பின்னரே பரிந்துரைப்பவருக்கு மின்னஞ்சல் செல்லும். இன்னும் சிலவற்றில், முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகுதான் செல்லும். கடைசி நாளில் சமர்ப்பிப்பவருடைய பேராசிரியருக்கு அதே நாளில்தான் செய்தி போய்ச் சேரும்.

கெடுவும் ஆவணமும்

கெடு நாளை மட்டும் குறித்துக்கொண்டு நேர மண்டலத்தை விட்டுவிடக் கூடாது. நள்ளிரவு என்றால் யாருடைய நள்ளிரவு என்பது கேள்வி. 11:59 மணி என்று எழுதியிருந்தால், அது பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரமா, உலகப் பொது நேரமா என்று பார்த்து, நம் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதி வைக்க வேண்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில் அந்த வேறுபாடும் சேரும். சேமிப்பதும் சமர்ப்பிப்பதும் வெவ்வேறு பொத்தான்கள் என்பதால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் ஆகிய ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 ஆண்டுகளுக்கே செல்லும்; சேர்க்கைக்கு ஏற்கப்பட்ட மதிப்பெண், சில மாதங்கள் கழித்து வரும் உதவித்தொகைக் கெடுவின்போது காலாவதியாகியிருக்கலாம். கடவுச்சீட்டில் விரித்தும் மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தாகவும் பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான சான்றை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம் பெரும் இழப்பில் முடிகிறது. சேர்க்கை உறுதியானதும் பல பல்கலைக்கழகங்கள் மாணவருக்குப் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றை உருவாக்கித் தருகின்றன; அதன் பிறகு வரும் அறிவிப்புகள் அங்கேதான் போகும். பழைய முகவரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நேர்காணல் அழைப்பே தெரியாமல் போய்விடும்.

கடிதம் கையில் வந்த பின்

தொகையைப் பார்த்த மகிழ்ச்சியில் விதிகளைப் படிக்காமல் "ஏற்கிறேன்" என்பதை அழுத்துவது, விண்ணப்பத்தில் செய்யும் எந்தப் பிழையையும்விடக் கூடுதல் செலவு வைக்கும். அந்தத் தொகை ஓராண்டுக்கா, படிப்பு முழுவதற்குமா? புதுப்பிக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒரு பருவத்துக்குக் குறைந்தது எத்தனை பாடங்கள் எடுத்தாக வேண்டும்? உடல்நலம் கருதி ஒரு பாடத்தைக் கைவிட்டதால் முழுநேர மாணவர் என்ற நிலையையும், அதோடு உதவித்தொகையையும் ஒருசேர இழப்பவர்கள் உண்டு. கல்விக் கட்டணத்தில் தரும் விலக்கும் கையில் தரும் பணமும் ஒன்றல்ல. முன்னதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. கையில் தருவதாகச் சொல்லும் தொகைகூடப் பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து வருவதாக இருக்கலாம். அதுவரை செலவுக்கு வேறு வழி வேண்டும்.

இரண்டு உதவித்தொகைகள் கிடைத்தால் கூட்டிக் கணக்கிடுவது இயல்பு. ஆனால் வெளியிலிருந்து வரும் தொகையை அறிவித்ததும், தான் கொடுத்ததை அதே அளவு குறைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. சில, தாம் தரும் உதவியில் உள்ள கடன் பகுதியை முதலில் குறைத்து, அதன் பின்னரே திருப்பிக் கட்ட வேண்டாத மானியத்தைத் தொடும். அந்த வேறுபாடு மாணவருக்குப் பெரிது. இதற்கு அஞ்சி வெளித் தொகையை மறைப்பது விதிமீறல். விதி எப்படி என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் சரியான வழி. வரியும் உண்டு: அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கான கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் செலவாகும் பகுதிக்கு வரி இல்லை, தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தரும் பகுதிக்கு வரி உண்டு. படிப்புக்குப் பின்னான கடமைகளையும் பார்க்க வேண்டும். செவனிங் திட்டத்தில் படித்தவர்கள் படிப்பு முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனிலேயே வேலை தேடும் எண்ணம் உள்ளவர் இதைக் கடைசியில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைத்தால் உதவித்தொகையும் தானாகத் தள்ளிப்போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல இடங்களில் இடம் மட்டும் காத்திருக்கும், பணம் காத்திருக்காது. வேறு பல்கலைக்கழகங்களின் முடிவு வருவதற்குள் ஏற்றுக்கொள்ளும்படி நெருக்கினால், அவகாசம் கேட்கலாம். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புகளை நடத்தும் பல பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும் கட்டாயம் மாணவருக்கு இல்லை என்ற பொதுத் தீர்மானத்தில் கையெழுத்திட்டுள்ளன. தம் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று மாணவர் பார்த்துக்கொள்ளலாம். இறுதியில் வேறிடம் போக முடிவெடுத்தால், அன்றே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு அந்தத் தொகை போய்ச் சேர வேண்டுமானால், அவர் தம் இடத்தை உறுதிசெய்ய வேண்டிய நாளுக்கு முன்பே அது விடுபட்டிருக்க வேண்டும்.