பல்நிற அடைப்பின் ஓரத்தில் கசிவு நேராதபடி பிணைப்புப் பசையை இடும் முறை

காம்போசிட் எனும் பல்நிற அடைப்பு ஒளிபட்டு இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்குகிறது. அந்த இழுவையைப் பசை தாங்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் உமிழ்நீரும் பாக்டீரியாவும் புகுந்து, பல்கூச்சத்துக்கும் ஓர நிறமாற்றத்துக்கும் வழிவிடுகின்றன. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் முடிந்து, அதனடியிலுள்ள டென்டினோ வேரை மூடும் சிமென்டமோ தொடங்கும் ஈறோரத்தில்தான் கசிவு மிகுதி. ஆகவே மருத்துவரின் கவனமும் அங்கேதான் மிகுதியாக வேண்டும்.

பல்லைத் தனித்து உலர்வாக வைக்கும் ரப்பர் தாளான ரப்பர் டேமைக் கட்டிய பின்னரே தொடங்குங்கள். எச்சிலோ இரத்தமோ பட்ட பரப்பில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

எனாமல் ஓரத்தில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 வினாடி வரை வைத்து, நன்கு கழுவுங்கள். எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம் என்பதால் அமிலம் அதில் நுண்குழிகளை உண்டாக்குகிறது. பசை அவற்றுள் இறங்கிக் கெட்டியாகப் பற்றுகிறது. 1955-இல் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர் காட்டிய இந்த வழியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. டென்டினோ ஈரமும் கொலாஜன் எனும் புரத இழைகளும் கலந்தது. அமிலம் பட்ட டென்டினை மிகையாக உலர்த்தினால் கொலாஜன் வலை படிந்துவிடும். நீர் தேங்கினால் பசை நீர்த்துவிடும். தனி அமிலம் இட்டும் இடாமலும் பயன்படுத்தத்தக்க யுனிவர்சல் வகைப் பசையைப் பயன்படுத்துவோர் எனாமலுக்கு மட்டும் அமிலம் இட்டு, டென்டினைப் பசையின் சொந்த அமிலத்தன்மையிடமே விட்டுவிடுவது இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்கும் என்பதால், அதையே நான் விரும்புகிறேன்.

பசையைத் தடவியதும் விட்டுவிடாமல், தயாரிப்பாளர் குறித்த நேரம் முழுவதும், பெரும்பாலும் 20 வினாடி, தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருங்கள். பிறகு மென்மையாகக் காற்றூதி, திரவம் அசைவற்று மெல்லிய பளபளப்பாகும் வரை பசையிலுள்ள கரைப்பானை வெளியேற்றுங்கள். அவசரத்தில் பலரும் சுருக்கிவிடும் படி இதுதான்: எஞ்சிய கரைப்பானும் நீரும் பசைப் படலத்தை முழுமையாக இறுகவிடாமல் பலவீனமாக்குகின்றன. மூலைகளில் பசை தேங்கியிருந்தால் உலர்ந்த தூரிகையால் ஒற்றியெடுத்த பின்னரே ஒளி காட்டுங்கள்.

வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக வையுங்கள். ஈறோரத் தளம் விளக்கின் முனையிலிருந்து தொலைவில் இருப்பதால் அங்கு ஒளி குன்றும். எனவே முதல் அடுக்குக்குக் கூடுதல் நேரம் கொடுத்து, அடைப்புக்கு வடிவம் தரப் பல்லைச் சுற்றிக் கட்டிய உலோக மேட்ரிக்ஸ் பட்டையை அகற்றியதும் கன்னப் பக்கமிருந்தும் நாக்குப் பக்கமிருந்தும் மீண்டும் ஒளி காட்டுங்கள்.