பேண்டம் குஞ்சு: முதலில் இனம், பிறகுதான் சேவலா பெட்டையா

பேண்டம் எனப்படும் சிறிய உருவக் கோழியின் குஞ்சை வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "இது சேவலா, பெட்டையா?" என்றுதான். அதற்கு முன் இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் இனத்தில் சேவலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இன்னோர் இனத்தில் எதையுமே சொல்லாது.

முன்வேலை ஒன்று உண்டு. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளின் காலில் ஆளுக்கொரு நிறத்தில் வளையம் மாட்டி, வாரம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். குஞ்சின் கால் வேகமாகப் பருக்கும், அதனால் வளையம் இறுகுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

இனம்: காலிலிருந்து தொடங்குங்கள்

குஞ்சைக் கையில் எடுத்து விரல்களை எண்ணுங்கள். பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு. ஐந்து விரல், கருந்தோல், காலில் ரோமம் மூன்றும் சேர்ந்திருந்தால் சில்கியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. பொரித்த அன்றே இவை தெரியும். நான்கு விரலும் காலில் அடர்ந்த ரோமமும் பந்து போன்ற உடம்பும் இருந்தால் பெக்கின்.

அடுத்து கொண்டையும் முகமும். டியூக்கிள், டான்வெர்ஸ் என்ற பெல்ஜிய இனங்கள் இரண்டுக்குமே கன்னத்தில் தாடி போல இறகு வளரும். காலில் இறகும் ஒற்றைக் கொண்டையும் (ரம்பப் பல் போல ஒரே வரிசையில் நிற்பது) இருந்தால் டியூக்கிள். வெறுங்காலும் ரோஜாக் கொண்டையும் (தட்டையாக அகன்று, சிறு புடைப்புகளோடு இருப்பது) என்றால் டான்வெர்ஸ். தாடி இல்லாமல், ரோஜாக் கொண்டையும் நீலச்சாம்பல் காலுமாக, ஒவ்வோர் இறகிலும் கறுப்புக் கரை ஓடினால் அது சீப்ரைட்.

குட்டைக் கால், நிமிர்ந்த வால் என்றால் ஜப்பானிய பேண்டம். ஆனால் அதில் கால் நீண்ட குஞ்சு வந்தால் கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குட்டைக் கால் தரும் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்த கரு பொரிக்காமலே இறந்துவிடும். அது எந்தப் பக்கமிருந்தும் வராத குஞ்சு நீண்ட காலோடு பிறக்கும். தாயும் தகப்பனும் குட்டைக் கால்தான் என்றாலும் இது நடக்கும்.

குஞ்சுப் பருவத்து நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முழுக் கறுப்பாக வளரப்போகும் குஞ்சுக்குக்கூட வயிற்றிலும் இறக்கை நுனியிலும் மஞ்சளோ வெள்ளையோ இருக்கும்.

சேவலா, பெட்டையா?

ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறை பயிற்சி பெற்றவர்களுக்கானது. பேண்டம் குஞ்சு மிகச் சிறிது, குடல் காயப்பட்டுவிடும். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம்.

ஐந்தாறு வாரத்தில் உடன்பிறந்த குஞ்சுகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள். சேவலின் கொண்டை அகன்று சிவக்கத் தொடங்கியிருக்கும், கால் தடித்திருக்கும். பெட்டையின் கொண்டை இன்னும் வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். தனியாக ஒரே ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது கடினம்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம் 10 முதல் 14 வாரத்தில் வரும். காலை வெயிலில் குஞ்சை மடியில் வைத்து, முதுகு வாலோடு சேரும் இடத்தில் இறகை மெதுவாக விலக்குங்கள். பழைய இறகுகளுக்கு நடுவே, உறை இன்னும் முழுதாக உதிராத புது இறகுகள் முளைத்திருக்கும். அவற்றில் ஒன்றின் நுனியை விரலில் படிய வையுங்கள். ஒடுங்கி, கூர்மையாக, பளபளவென்று இருந்தால் சேவல். அகன்று உருண்டிருந்தால் பெட்டை. இப்படி ஒரேயொரு கூரான இறகு தெரிந்தாலும் நான் சேவல் என்றே எழுதி வைப்பேன்.

இந்தச் சோதனை சீப்ரைட்டிடம் பலிக்காது. அந்த இனத்துச் சேவலின் தோலிலேயே ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) பெண் இயக்குநீராக மாறுவதால், இறகு பெட்டையைப் போலவே உருண்டு வளரும். நான் ஒரு சீப்ரைட்டின் முதுகைப் பார்த்துப் பெட்டை என்று உறுதி சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். சில வாரத்தில் அது கூவியது. அவர் முட்டைக்காக ஆசையோடு காத்திருந்தவர். அன்றிலிருந்து சீப்ரைட்டில் கொண்டையையும் அலகுக்குக் கீழே தொங்கும் சதையையும் மட்டுமே பார்க்கிறேன்.

சில்கிக்கு இன்னும் பொறுமை வேண்டும். அதன் கொண்டை சிவக்காது, கருநாவல் நிறத்திலேயே இருக்கும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்: சேவலுக்குக் கொண்டை அலகின் மேல் அகலமாகப் புடைக்கும். தலைக் குஞ்சத்தில் சில இழைகள் பின்பக்கமாக நீண்டு தொங்கினாலும் சேவல்தான். பெட்டையின் குஞ்சம் பஞ்சு உருண்டை போல வட்டமாக நிற்கும். ஐந்தாறு மாதம் வரை தெளிவாகாத சில்கிகளும் உண்டு. அப்படிப்பட்டதை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லியே கொடுங்கள்.